ஒரீனாவின் சாதகம்

சுந்தரேஸ்வரிக்கு ஐம்பத்து நான்காவது வயதில் ஒரு புதிய வேலை கிடைத்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையில் வரும் கவலை முழுவதும் அந்த வேலையைச் சுற்றித்தான். கவலை என்றதும் முகத்தைச் சுருக்க வேண்டாம். இதில் ஒருவருக்கும் உயிர் போகாது, கை கால் முறியாது. ஒரு போத்தல் நல்லெண்ணெய் வீணாகும், அவ்வளவுதான்.

ஹம் நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவை அறையில் பதினொரு வருடம் படுக்கை விரிப்பு மடித்தவள் அவள். ஐம்பத்திரண்டு வயதில் சாரதி அனுமதிப் பத்திரம் எடுத்தாள், மூன்றாவது தடவையில். அடுத்த வருடம் பராமரிப்பு உதவியாளர் படிப்பையும் முடித்தாள். இரண்டையும் பார்த்த ஒரு நிறுவனம், நகரத்துக்கு வெளியே கிராமங்களில் தனியாக இருக்கும் வயதானவர்களின் வீடுகளுக்குக் காலையில் போய்க் கவனித்துவரும் வேலையைத் தருவதாகச் சொன்னது. ஆனால் சொந்தக் காரில் போக வேண்டும்.

"வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் உங்கள் காரின் பரிசோதனை அறிக்கை என் மேசைக்கு வரட்டும். திங்கட்கிழமை தொடங்கலாம்" என்றார் அங்கே பொறுப்பாக இருந்த பெண். "வராவிட்டால் இந்த வீடுகளின் சுற்றை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவேன். குறை நினைக்க வேண்டாம். அந்த வீடுகளில் இருப்பவர்களால் காத்திருக்க முடியாது."

ஜெர்மனியில் கார் வைத்திருக்கிற எவரையும் கேளுங்கள், தியூவ் என்ற பெயரைச் சொல்லும்போது குரல் சற்று இறங்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கார் போய்த் தன் உடம்பைக் காட்ட வேண்டிய பரிசோதனை அது. தேறினால் பின் இலக்கத் தகட்டில் வட்டமாய் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். தேறாவிட்டால் குறைகளை எழுதிக் கையில் தந்து, திருத்திக்கொண்டு மறுபடி வா என்பார்கள். சுந்தரேஸ்வரியின் காருக்கு அந்த மாதத்தோடு தவணை முடிகிறது. கிடைத்த ஒரே நேரம் வெள்ளிக்கிழமை காலை ஒன்பது இருபது.

கார் மூன்று வாரத்துக்கு முன்புதான் வந்தது. வுப்பர்டாலில் இருக்கும் நவரத்தினம் என்பவரிடம் வாங்கியது. ஒரீனா என்ற மாடல், கத்தரிப்பூ நிறம், பதினொரு வயது. ஓட்டிப் பார்த்த அன்றே அவளுக்குப் பிடித்துவிட்டது. இருக்கை உயரம் சரியாக இருந்தது, பின்னால் பார்க்கும்போது கழுத்து வலிக்கவில்லை.

அவளுடைய கணவர் தம்பித்துரைக்குத்தான் நித்திரை போனது.

தம்பித்துரைக்குக் கம்பித் தொழிற்சாலையில் வேலை. முப்பத்து மூன்று வருடமாக மழையோ பனியோ சைக்கிளில்தான் போய்வருகிறார். கார் ஓட்டத் தெரியாது, பழகவும் இல்லை. தெரியாத பொருளைப் பற்றி வாசித்துத் தெரிந்துகொள்ளலாம் என்பது அவருடைய நம்பிக்கை. கார்ப் பத்திரிகை ஒன்று வருடா வருடம் ஒரு தனி இதழ் போடும். எந்த மாடல், எந்த வயதில், நூற்றுக்கு எத்தனை பரிசோதனையில் விழுந்தது என்று வரிசைப்படுத்தியிருக்கும். தொழிற்சாலையில் ஒருவரிடம் அதை இரவல் வாங்கிவந்து, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, சாதகம் பார்ப்பதுபோல மேசையில் விரித்தார்.

"பத்து, பதினொரு வயசிலை ஒரீனாவுக்கு நூற்றுக்கு முப்பத்தொண்டு விழுந்திருக்கு" என்றார். "முன் ஸ்பிரிங் முறியும். பின் விளக்கு அணையும். என்ஜினுக்குக் கீழை எண்ணெய் கசியும். கடைசியிலையிருந்து ஏழாவது இடம்."

"ஏழரைச் சனி எப்ப விலகுதாம்?"

"பகிடி விடாதை. இது எண்ணிப் பார்த்து எழுதினது."

"முப்பத்தொண்டு விழுந்தா அறுபத்தொன்பது தேறியிருக்கே. எங்கடை கார் ஏன் அந்த அறுபத்தொன்பதுக்குள்ளை நிக்கப்படாது?"

தம்பித்துரை தாளை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். "அதை இதிலை போடேல்லை" என்றார்.

அவருக்கு மனம் ஆறவில்லை. நவரத்தினத்துக்குத் தொலைபேசி எடுத்தார்.

"அண்ணை, உந்தப் புத்தகத்தைப் பார்த்துத்தான் கலியாணம் எண்டா ஒருத்தருக்கும் கலியாணம் நடவாது" என்றார் நவரத்தினம். "போன வருசம் முன் ஸ்பிரிங் ரெண்டும் மாத்தினனான். பில்லும் காருக்குள்ளை கிடக்கு."

"அது சரி. வுப்பர்டால் மலையிலை ஏறி இறங்கின கார். பிரேக் தேய்ஞ்சிருக்குமே?"

"உங்கடை ஹம் ரோட்டு மேசை மாதிரியெல்லோ அண்ணை. அதுக்கு இனிப் பென்சன்தான். பயப்பிடாதேங்கோ."

பில்லை எடுத்துப் பார்த்தார், உண்மைதான். ஆனால் மறுநாள் இருவரும் தமிழ்க் கடையில் தெரிந்தவரான கமலநாயகி அக்காவைச் சந்தித்தார்கள். முருங்கைக்காயை முறித்துப் பார்த்துக்கொண்டே அவர் கேட்டார்: "ஒரீனாவே வாங்கினனீங்கள்? என்ரை மச்சானும் ஒண்டு வைச்சிருந்தவர். பெண்சாதியின்ரை முகத்தை விட தியூவ்காரற்றை முகம்தான் அவருக்குக் கூடப் பழக்கம்."

சுந்தரேஸ்வரி சிரித்தாள். தம்பித்துரை சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து பென்சிலால் அந்த முப்பத்தொன்றைச் சுற்றி இன்னொரு வட்டம் போட்டார்.

வியாழக்கிழமை சுந்தரேஸ்வரிக்குச் சலவை அறையில் கடைசி நாள். கூட வேலை செய்தவர்கள் கேக் வாங்கி வைத்திருந்தார்கள். சலவை அறையைப் பூட்டும் திறப்பை ஒப்படைத்துக் கையெழுத்தும் போட்டுவிட்டாள். அவள் அங்கே கேக் வெட்டிக்கொண்டிருந்த நேரம், காலை ஷிப்ட் முடித்து வந்த தம்பித்துரை வீட்டுக்கு முன்னால் பழைய பாயொன்றை விரித்து, டோர்ச் லைட்டோடு காருக்குக் கீழே தலையை நீட்டினார்.

கீழே எங்கும் துரு. ஸ்பிரிங் இருக்கும் பக்கம் புதிதாகத்தான் இருந்தது. ஆனால் அதைத் தாங்கும் இரும்பும், என்ஜினுக்குக் கீழே குறுக்கே போகும் சட்டமும் மண்ணிறமாய்ச் செதில் விட்டிருந்தன. துருவை அவருக்குத் தெரியும். சைக்கிளில் துருவைக் கண்டால் எண்ணெய் பூசித் துடைப்பார். தோசைக்கல்லுக்கும் அதே வைத்தியம்தான். சைக்கிள் எண்ணெய் முடிந்திருந்தது. உள்ளே போய் அடுப்படியைப் பார்த்தார். புதிதாகத் திறந்த நல்லெண்ணெய்ப் போத்தல் ஒன்று இருந்தது.

சவரத் தூரிகையை அதற்குள் தோய்த்துத் தோய்த்து, எட்டிய இடமெல்லாம் பூசினார். பிரேக் பக்கம் மட்டும் போகவில்லை. அங்கே எண்ணெய் படக்கூடாது என்பது சைக்கிள்காரருக்கும் தெரியும். ஒரு மணிநேரத்தில் அந்த இரும்பு, எண்ணெய்க்காப்புச் சாத்திய பிள்ளையார் போலக் கறுத்து மினுங்கியது. பரிசோதிக்கிறவர் பார்த்தால் நல்லாய் வைத்திருக்கிறார்கள் என்று நினைப்பார். தம்பித்துரைக்கு மூன்று வாரத்தில் முதல்முறையாக நெஞ்சு லேசானது. மனைவியிடம் சொல்லவில்லை. காரியம் முடிந்த பிறகு சொல்லலாம் என்று இருந்துவிட்டார்.

பின்னேரம் கத்தரிக்காய் பொரிக்கப் போனவள் போத்தலைத் தூக்கிப் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, எண்ணெய் எங்கை?"

"முழங்கால் உளைவு. பூசினனான்."

"ஒரு போத்தலோ? எத்தினை முழங்கால் உங்களுக்கு?"

அவர் பத்திரிகையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை ஒன்பது பத்துக்கே பரிசோதனை நிலையத்துக்குப் போய்விட்டார்கள். பரிசோதித்தவர் பிரிங்க்மன் என்ற பெண், நாற்பது வயதிருக்கும், தலைமுடிக்குள் பேனையைச் செருகியிருந்தார். நிலத்தில் போட்டிருந்த மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கச் சொல்லிவிட்டுக் காருக்குள் ஏறினார்.

முதலில் விளக்குகள். முன் விளக்கு எரிந்தது. பின் விளக்கு எரிந்தது. தம்பித்துரை ஒவ்வொரு கிரகமாக விலகுவதுபோல விரலை மடித்துக்கொண்டு வந்தார். பிறகு உருளைகளின் மேல் சக்கரத்தை ஏற்றிப் பிரேக்கைப் பார்த்தார்கள். திரையில் இரண்டு ஊசிகள் ஒன்றாக ஏறி ஒன்றாக நின்றன. பிரிங்க்மன் தலையை ஆட்டினார்.

அதற்குப் பிறகு காரை மேலே தூக்கினார்கள்.

தூக்கி ஒரு நிமிடம் ஆகவில்லை, டொக் என்று ஒரு சொட்டு நிலத்தில் விழுந்தது. பிறகு இன்னொன்று. வரும் வழியில் என்ஜின் சூட்டுக்குப் பூசியதெல்லாம் இளகியிருந்தது. பிரிங்க்மன் லைட்டை அடித்துப் பார்த்தார். மேலே என்ஜினின் அடிப்பாகம் முழுக்க ஈரமாய் மினுங்கியது.

"எண்ணெய்க் கசிவு. சொட்டுகிறது" என்றார். "இப்படியே இருந்தால் ஸ்டிக்கர் ஒட்ட முடியாது. பட்டறையில் காட்டித் திருத்திக்கொண்டு ஒரு மாதத்துக்குள் மறுபடி வாருங்கள்."

ஒரு மாதம். சுந்தரேஸ்வரி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்தாகப் பத்து நிமிடம். மதியத்துக்குள் மேசைக்கு வர வேண்டிய தாளை நினைத்தாள், நேற்று ஒப்படைத்த திறப்பை நினைத்தாள். இனித் திரும்பிப் போய் விரிப்பு மடிக்கவும் இடம் இல்லை. அழவில்லை. கைப்பையின் வாரை மட்டும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

தம்பித்துரை பேசாமல் நின்றிருக்கலாம். பத்திரிகையில் போட்டது பலித்துவிட்டது என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்திருக்கலாம், ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அவர் மனைவியின் கையைப் பார்த்தார். பிறகு மஞ்சள் கோட்டைத் தாண்டி உள்ளே போனார்.

"மன்னிக்கவும்" என்றார், தன் தொழிற்சாலை ஜெர்மன் மொழியில். "அது என்ஜின் எண்ணெய் இல்லை. சமையல் எண்ணெய்."

பிரிங்க்மன் திரும்பிப் பார்த்தார். "என்ன எண்ணெய்?"

"சமையல். நேற்று நான்தான் பூசினேன். தூரிகையால்."

"எதற்கு?"

"துரு இருந்தது. சைக்கிளுக்கு அப்படித்தான் செய்வேன்."

அந்தப் பெண் கையுறை விரலால் ஒரு சொட்டைத் தொட்டு மூக்கடியில் பிடித்தார். மறுபடியும் பிடித்தார். "எள்ளு" என்றார். "எங்கள் தெருவில் எள்ளுத் தூவிப் பாண் சுடும் ஒரு துருக்கிக் கடை இருக்கிறது. காலையில் இதே மணம்."

சுந்தரேஸ்வரி மெதுவாகத் தமிழில் கேட்டாள்: "இதுதானே உங்கடை முழங்கால்?"

"இப்ப கத்தாதை. அவ பாக்கிறா."

"நான் கத்தேல்லை."

உண்மையிலேயே கத்தவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"பிரேக்கிலும் பூசினீர்களா?" என்று கேட்டார் பிரிங்க்மன்.

"இல்லை, இல்லை. அந்தளவு தெரியும்."

"நல்ல காலம்." லைட்டை அணைத்துவிட்டு யோசித்தார். "ஆனால் எனக்கு ஒரு சிக்கல். நீங்கள் பூசியதற்கு உள்ளே உண்மையான கசிவும் இருக்கலாம். இந்த ஒரீனாக்களில் அது வழக்கமாக வருவது. இப்போது எது எதென்று எனக்குத் தெரியாது. தெரியாமல் எழுத மாட்டேன்."

இன்னொரு சொட்டு விழுந்தது.

"வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் அறிக்கை வேண்டும்" என்றாள் சுந்தரேஸ்வரி. "இன்றைக்கு. திங்கட்கிழமை எனக்குப் புதிய வேலை தொடங்குகிறது. வயதானவர்களைப் பார்க்கிற வேலை." கெஞ்சவில்லை. பேருந்து நேரம் சொல்வதுபோலச் சொன்னாள்.

பிரிங்க்மன் அவளை ஒருமுறை பார்த்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். "பத்து மணிக்கு எனக்கு இடைவேளை" என்றார். அலுமாரியைத் திறந்து ஒரு ஸ்பிரே போத்தலும் காகிதச் சுருளும் எடுத்து வந்தார். காகிதத்தைத் தம்பித்துரையின் கையில் கொடுத்தார். "பூசியவரே துடைக்கட்டும்."

அவர் ஸ்பிரே அடிக்க அடிக்க, தம்பித்துரை காருக்குக் கீழே அண்ணாந்து நின்று துடைத்தார். பாதிச் சுருள் முடிந்தது. சட்டைக் கைக்குள் எண்ணெய் வழிந்தது. கடைசியில் அந்தச் சட்டம் பழையபடி மண்ணிறத்துக்கு வந்தது.

"இனிக் காரில் இருபது நிமிடம் ஓடிவிட்டு வாருங்கள். என்ஜின் நன்றாகச் சூடாகட்டும். அதற்குள் கசிந்தால் கசிவு."

தொழிற்பேட்டைத் தெருக்களில் சுற்றிச் சுற்றி வந்தார்கள். நீண்ட சுவர்கள், லொறிகள், ஒரு தளபாடக் கடை. சுந்தரேஸ்வரி கண்ணாடியைப் பார்த்து, சிக்னல் போட்டு, திரும்பினாள். இரண்டு சுற்று முடிந்தது.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்றாள்.

"சொன்னா விட்டிருக்க மாட்டாய்."

"ஓம். விட்டிருக்க மாட்டன்தான்."

தம்பித்துரை தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீ கார் ஓடப் பழகினாய். சோதினை பாஸ் பண்ணினாய். வேலையும் எடுத்தாய். எனக்கு இதிலை ஒண்டும் தெரியாது, ஈஸ்வரி. புத்தகம்தான் வாசிச்சனான். அதிலையும் கெட்டதுதான் இருந்துது. நானும் ஒரு கை குடுப்பம் எண்டுதான்..."

சிவப்பு விளக்கு. அவள் காரை நிறுத்தினாள்.

"குடுத்தீங்கள்தானே" என்றாள். "முழங்கை வரைக்கும் எண்ணெயோடை."

அவர் பக்கவாட்டில் பார்த்தார். அவள் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள், ஆனால் வாயோரம் துடித்தது. விளக்குப் பச்சையாகி, பின்னால் வந்தவர் ஹோர்ன் அடிக்கும்வரை இரண்டு பேரும் சிரித்தார்கள். பயத்தில் வருகிற சிரிப்பு அது, உங்களுக்கும் வந்திருக்கும்.

பத்தரைக்குக் கார் மறுபடி மேலே போனது. இம்முறை தம்பித்துரை விரல் மடிக்கவில்லை. பிரிங்க்மன் வெள்ளைக் காகிதம் ஒன்றை மடித்து என்ஜினின் பொருத்தில் அழுத்தி எடுத்தார். வெள்ளை. இன்னொரு இடத்தில் அழுத்தினார். வெள்ளை. மூன்றாவது இடத்தில் அழுத்தி எடுத்தபோது நகத்தளவு மண்ணிறம் தெரிந்தது. சுந்தரேஸ்வரி அதைக் கண்டாள். பிரிங்க்மன் அந்த இடத்துக்குக் கீழே வெறும் கையை ஏந்திக்கொண்டு நின்றார், கோயிலில் தீர்த்தம் வாங்க நிற்பதுபோல. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். கை காய்ந்தபடியே இருந்தது.

"ஈரம் இருக்கிறது. சொட்டு இல்லை" என்றார். "பதினொரு வயதுக்கு இது பரவாயில்லை. சிறு குறை என்று எழுதுகிறேன், அடுத்த தடவைக்குள் பாருங்கள்." பிறகு லைட்டை முன் சக்கரப் பக்கம் திருப்பினார். "ஸ்பிரிங் இரண்டும் புதிது. யார் மாற்றியது?"

"இதற்கு முந்திய சொந்தக்காரர். வுப்பர்டாலில்."

"இந்த மாடல் வந்தால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். மற்றவர்கள் முறியும்வரை விட்டுவிடுவார்கள்."

தம்பித்துரைக்குப் பொறுக்கவில்லை. "ஆனால் பத்திரிகையில் நூற்றுக்கு முப்பத்தொன்று விழுந்தது என்று..."

"சரிதான். அந்தக் கணக்கு எங்களைப் போன்றவர்களிடமிருந்துதான் போகிறது" என்றார் பிரிங்க்மன், படிவத்தில் எழுதிக்கொண்டே. "இன்றைக்கு நான் மற்றப் பக்கத்தில் ஒன்றைப் போடுகிறேன்."

பின் தகட்டிலிருந்து பழைய செம்மஞ்சள் ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதியதை ஒட்டிப் பெருவிரலால் அழுத்தினார். நல்ல மஞ்சள் நிறம். சுந்தரேஸ்வரி அப்போதுதான் கைப்பையின் வாரை விட்டாள். உள்ளங்கையில் அதன் அச்சு பதிந்திருந்தது. நன்றி சொல்ல வாய் திறந்தாள். பிரிங்க்மன் அதை எதிர்பார்க்கவும் இல்லை, தேநீர் ஆறிவிடும் என்று சொல்லி உள்ளே போய்விட்டார்.

பதினொன்றேகாலுக்கு அறிக்கை அந்த நிறுவனத்தின் மேசையில் இருந்தது. பொறுப்பாளர் கடைசி வரியை மட்டும் வாசித்துவிட்டுப் பிரதி எடுத்தார். பிறகு இழுப்பறையிலிருந்து ஒரு திறப்புக்கொத்தை எடுத்து அவள் கையில் வைத்தார். ஏழு வீட்டுத் திறப்புகள், ஒவ்வொன்றிலும் ஓர் இலக்கம். பாரமாக இருந்தது. சுந்தரேஸ்வரி அதை மடியில் வைத்துக்கொண்டு காருக்குள் இருந்து இலக்கங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"முதல் வீடு எங்கை?" என்று கேட்டார் தம்பித்துரை.

"ரைனெர்னுக்குக் கிட்ட. எண்பத்தெட்டு வயசு அம்மா. கால் வீங்காமலிருக்க இறுக்கமான மேசு போட்டுவிட வேணுமாம், எழும்ப முதல். ஆறு மணிக்கு."

"இருட்டிலை வீடு பிடிபடாது. இப்பவே போய்ப் பார்த்திட்டு வருவம்."

போனார்கள். வயல்களுக்கு நடுவே போகும் பாதை, அதிலிருந்து பிரிந்து ஒரு சின்னத் தெரு, செங்கல் வீடு, ஜன்னலில் வெள்ளை நூல் திரை. இலக்கத்தைச் சரிபார்த்தார்கள். திரைக்குப் பின்னால் யாரோ அசைந்ததுபோல இருந்தது. உள்ளே போக இன்னும் நாள் வரவில்லை, ஆகவே திரும்ப வேண்டும். தெரு ஒடுக்கம், ஒரு பக்கம் வாய்க்கால்.

தம்பித்துரை இறங்கினார். பின்னால் போய், எண்ணெய்ச் சட்டையோடு வாய்க்கால் ஓரமாய் நின்றுகொண்டு, இரண்டு கையையும் தூக்கினார்.

"வா" என்றார். "வா, வா. இடம் கிடக்கு. இன்னும் கொஞ்சம் வா."

சுந்தரேஸ்வரி கண்ணாடியில் அவருடைய கைகளை மட்டும் பார்த்துக்கொண்டு மெதுவாகப் பின்னால் எடுத்தாள்.

"காணும், நிப்பாட்டு" என்றார் அவர்.